எட்டுப் பேர் வீட்டுக்கு மாதச் சமையல்: அளவும் செலவும்

இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகியவர் எட்டுப் பேருக்கு உலை வைக்க ஆரம்பித்தால் முதல் மாதம் இரண்டில் ஒன்று நடக்கும். இருபதாம் தேதிக்கே பருப்பு டப்பா காலியாகும். இல்லையென்றால் தினமும் ஒரு குண்டான் சோறு மிஞ்சும். இரண்டுக்கும் காரணம் கை அளவு. ஒரே வீட்டில் வருடக்கணக்காகச் சமைத்தவருக்குக் கை அளவு தப்பாது. புதிதாக அடுப்படிப் பொறுப்பை எடுத்தவர் அதை நம்பக் கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி, உலையில் போடும் அரிசிக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

இங்கே தரும் அளவுகள் தமிழ்நாட்டில் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கானவை: ஆறு பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மதியம் சோறு, காலையும் இரவும் பெரும்பாலும் பலகாரம். உங்கள் வீட்டில் ஆள் கூடக்குறைய இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எழுதுங்கள்

வீட்டில் இருக்கும் ஒரு டம்ளரை எடுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுப் பாத்திரம்; வேறு எதற்கும் அதைப் புழங்காதீர்கள். அதில் தலை தட்டினால் அரிசி எத்தனை கிராம், துவரம் பருப்பு எத்தனை கிராம், உளுந்து எத்தனை கிராம் என்று மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரே டம்ளரில் அரிசிக்கு ஒரு எடை நிற்கும், ரவைக்கு வேறு எடை நிற்கும். இது தெரியாமல் போடும் மாதக் கணக்கு தப்பும்.

ஒரு வாரத்துக்குச் சமையல் முறை எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வேளையும் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது, அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிடவில்லை என்று மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். மிஞ்சிய சோற்றையும் அதே டம்ளரால் அளந்து எழுத வேண்டும். 'கொஞ்சம் மிஞ்சியது' என்று எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை.

ஏழு நாள் முடிந்ததும் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். மதியச் சோற்றுக்குப் பெரியவருக்கு 150 கிராம் அரிசி, பிள்ளைக்கு 75 கிராம். ஆக ஒரு வேளைக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். உடலுழைப்பு வேலைக்குப் போகிறவர் இருந்தால் அவருக்கு 200 கிராம். இட்லி தோசைக்கு ஒரு வேளைக்கு அரை கிலோ அரிசி. எல்லாம் சேர்த்து மாதம் 50 கிலோ அரிசியை ஒட்டி ஆகும்: சில நாள் இரவுச் சோறும் சேர்ந்து சாப்பாட்டுக்கு 37, மாவுக்கு 13.

பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மதியச் சத்துணவோடு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது; 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பள்ளி நாட்களில் அவர்களுக்கான இரண்டு வேளையைக் கழித்துவிட்டு, மாலை நான்கரை மணிப் பசிக்கு ஒரு சுண்டலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிக்க மறந்தால் அந்த அரிசி தினமும் மிச்சமாகத்தான் போகும்.

அரிசி

ரேஷன் அரிசியை வாங்கி விற்றுவிட்டு, கடையில் விலைக்கு அரிசி வாங்குவது பெரிய குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எத்தனை கிலோ என்பது கார்டின் வகையையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது. சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கும், புட்டுக்கும், பணியாரத்துக்கும், சோற்றில் பாதிக்குப் பாதியாகவும் பயன்படுத்துங்கள். இட்லிக்கு ரேஷன் புழுங்கல் அரிசி நன்றாகவே வரும். அதோடு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் உண்டு. சில மாதங்களில் பருப்பு தாமதமாக வரும். அதற்காக முதல் வாரத்திலேயே கடையில் முழு மாதப் பருப்பையும் வாங்கிவிடாமல் ஒரு கிலோவைக் குறைத்து வாங்குங்கள்.

ரேஷன் அரிசியில் மற்ற மணிகளை விட வெளுப்பாகவோ சற்று மஞ்சளாகவோ, களையும்போது மிதக்கிற சில மணிகள் இருக்கலாம். இதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பலர் பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். எறியாதீர்கள், தண்ணீரோடு ஊற்றியும் விடாதீர்கள். வீட்டில் தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வாசனை அடித்தால் நாலைந்து முறை களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் வைக்காமல் வடியுங்கள். ஒரு கிலோவுக்கு நாலரை லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும். விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் லேசாகத் தெரியும் பதத்தில் அடுப்பை அணைத்து வடித்தால், மீதி வேக்காட்டைச் சோற்றின் சூடே பார்த்துக்கொள்ளும். முழுதாக வெந்த பிறகு வடித்தால் குழைந்துவிடும். வடித்த கஞ்சியில் உப்பும் சீரகமும் போட்டு வயதானவர்களுக்குக் கொடுக்கலாம். ரசத்துக்கும் கூழுக்கும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.

கடையில் மூட்டையாக வாங்கும்போது அது 26 கிலோ மூட்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை என்பதால் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டன. ஆகவே ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளாக வாங்கினால் வரியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். மூட்டை எடுக்கும் முன் அதே அரிசியில் ஒரு கிலோ வாங்கிப் பொங்கிப் பாருங்கள். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், ஒட்டும், சோறு காணாது. ஒரு வருடம் பழகிய அரிசி கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருந்தாலும் சோறு கண்டு முதலாகும்.

வண்டு வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ துணியில் முடிந்து போடுங்கள். வந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடைத்தெடுங்கள். அரிசியைக் கொளுத்தும் வெயிலில் காயவைத்தால் மணி வெடித்து நொய்யாகும். பருப்பு வகைகளுக்கு அந்தப் பயமில்லை. வெயிலில் ஒரு நாள் போட்டு, முழுதாக ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பருப்பில் கை வைக்காதீர்கள்

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் குறைவது பருப்புதான். சாம்பார் தண்ணீராகும், சோறு அதிகமாகும். வயிறு நிறையும்; பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது. குறைக்க வேண்டிய இடங்கள் எண்ணெய், சர்க்கரை, பாக்கெட் தீனி, மிச்சமாகிக் கொட்டும் சோறு. பருப்பு இந்தப் பட்டியலில் கிடையாது.

ஒரு வேளைச் சாம்பாருக்குத் தலைக்கு 25 கிராம், எட்டுப் பேருக்கு 200 கிராம். முழுவதும் துவரையாக இருக்க வேண்டியதில்லை. 150 துவரை, 50 பாசிப் பருப்பு என்று போட்டால் சாம்பார் கெட்டியாகவும் இருக்கும், துவரை விலை ஏறும் மாதங்களில் தாங்கவும் செய்யும். கூட 350 கிராம் காய், அதில் பாதி மஞ்சள் பூசணியாக இருந்தால் அதுவே கரைந்து குழம்பைக் கூட்டிக் கொடுக்கும். புளி 35 கிராம், குழம்புத்தூள் 30 கிராம்.

பருப்பை அரை மணி ஊறவைத்து, மூன்று பங்கு தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து நான்கு விசில் விட்டு, சிம்மில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். வேகவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். பருப்பு பழசாக இருக்கலாம். போர்த் தண்ணீரில் வேகவைத்திருக்கலாம். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பருப்பை இறுக்கிவிடும், அதற்குக் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். மூன்றாவது, தக்காளியையோ புளியையோ பருப்போடு சேர்த்தே வைத்திருப்பீர்கள். புளிப்பு பட்ட பருப்பு எத்தனை விசில் விட்டாலும் லேசில் மசியாது.

வாரம் மூன்று நாளாவது முழுப்பயறு வையுங்கள்: தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு. கால் கிலோ கடலை ஊறினால் அரை கிலோவாகும். எட்டுப் பேருக்கு ஒரு குழம்புக்கோ சுண்டலுக்கோ சரியாக இருக்கும். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி கல் உப்பைப் போட்டால் தோல் மெத்தென்று வேகும். சோடா உப்புப் போடும் பழக்கத்தை விடுங்கள். சீக்கிரம் வேகும் என்பது உண்மை, பி வைட்டமின்களைக் கெடுக்கும் என்பதும் உண்மை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவருக்குச் சோறு இருக்கும். காயும் பருப்பும் அடியில் வழித்ததுதான் இருக்கும். பெரும்பாலும் அது சமைத்தவர்தான், பெரும்பாலும் பெண். இரத்தசோகை இந்த வழியாகவும்தான் வருகிறது. முட்டை, மீன், பொரியல், சுண்டல் எதுவானாலும் பரிமாறத் தொடங்கும் முன் கடைசிப் பந்திக்கானதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் இருக்காது. மாமியார் தவறாக நினைப்பாரோ என்று தயங்கினால், அவருக்கும் சேர்த்து இரண்டு கிண்ணம் எடுத்து வையுங்கள்.

மாவு ஆட்டுவது

பெரிய வீட்டின் செலவைத் தாங்குவதில் கிரைண்டருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஆட்டினால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். இப்போது கடை மாவைக் கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோ பாக்கெட்டில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து 400 கிராம் அளவுதான், மீதி தண்ணீர். எட்டுப் பேர் வீட்டில் வாரத்துக்கு ஆறு வேளை இட்லி தோசை என்றால் மூன்று கிலோ அரிசி, 750 கிராம் உளுந்து. ஒரே நாளில் ஆட்டாமல் இரண்டு தடவையாக, ஒன்றரைக் கிலோ வீதம் ஆட்டுங்கள். மாவு புளித்துப் போகாது, ஃப்ரிட்ஜிலும் இடம் இருக்கும். இரண்டு லிட்டர் கிரைண்டரில் இந்த அளவு அரிசியை ஒரே ஈடாகப் போட்டுத் திணறவைக்காதீர்கள். இரண்டு ஈடாகப் போடலாம்.

அளவு, நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு தோல் நீக்கிய முழு உளுந்து. மிக்ஸியில் அரைப்பதானால் மூன்றுக்கு ஒன்று, ஏனென்றால் மிக்ஸியில் உளுந்து அந்த அளவு பொங்காது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நாலைந்து மணி நேரம் ஊற வேண்டும்; உளுந்து ஒன்றரை மணி போதும். இரவு முழுக்க ஊறிய உளுந்து கிரைண்டரில் உப்பி வராது.

உளுந்தை முதலில் போடுங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து கல்லுக்கு அடியில் சிக்காமல் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் உளுந்து நனையும் அளவு ஊற்றி, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தெளித்துத் தெளித்து விடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். கோடையில் ஃப்ரிட்ஜ் தண்ணீர். அரைபடும்போது கல் சூடேறினால் மாவு பொங்காமல் தளர்ந்துவிடும். 25 முதல் 30 நிமிடத்தில் மாவு கல்லின் மேல் ஏறி வழியும், கையில் எடுத்தால் வெண்ணெய்போல் இருக்கும். ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: மிதந்தால் வழிக்கலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். எவ்வளவு ஆட்டினாலும் மூழ்கினால் உளுந்து பழசு. அடுத்த முறை கடையை மாற்றுங்கள், இந்த முறை மாவைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியை மைய ஆட்டக் கூடாது. விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் சன்ன ரவை பதம் தெரிய வேண்டும். மையாக ஆட்டிய மாவில் இட்லி பிசுபிசுக்கும். பிறகு இரண்டையும் கையால் அடிவரை கலக்குங்கள். உப்பு, ஒரு கிலோ அரிசிக்கு 30 கிராம் கல் உப்பு. உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால் சித்திரை, வைகாசியில் கலக்கும்போதே முழு உப்பையும் போட்டுவிடுங்கள். மார்கழியில் பொங்கிய பிறகு போடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. கோடையில் ஆறு முதல் எட்டு மணி நேரம், மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

பொங்கிய மாவு முழுவதையும் கரண்டி விட்டுக் கலக்கிவிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். அன்றைக்கு வேண்டியதை மேலாக வேறு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு, மீதியைக் கலக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, அதற்கும் மேல் புளித்தால் வெங்காயம் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் அல்லது ஊத்தப்பம். இட்லி தட்டையாக வந்தால் மாவு நீர்த்திருக்கிறது அல்லது அதிகம் புளித்துவிட்டது. கல்லாக வந்தால் உளுந்து குறைவு அல்லது சரியாக ஆட்டப்படவில்லை.

மாதச் சாமானும் வருடச் சாமானும்

மாதாமாதம் வாங்க வேண்டியவை, எட்டுப் பேருக்கு: துவரம் பருப்பு மூன்று கிலோ, பாசிப் பருப்பு இரண்டு, உளுந்து மூன்றரை, முழுப்பயறுகள் எல்லாம் சேர்த்து மூன்று, பொட்டுக்கடலை ஒன்று, கடலைப் பருப்பு அரை, சர்க்கரை மூன்று கிலோ, கல் உப்பு இரண்டு. எண்ணெய் தலைக்கு அரை லிட்டர் என்று நாலு லிட்டர். அதில் ஒன்று ரேஷன் பாமாயில். நாலு லிட்டருக்கு மேல் போனால் அப்பளம் வடை எத்தனை நாள் பொரித்தீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி பொரிக்க வைக்காமல், இரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பொரித்தால் மிஞ்சுவதும் குறையும்.

புளி, வற்றல் மிளகாய், மல்லி, மஞ்சள் நான்கும் வருடச் சாமான். மாசி முதல் சித்திரை வரை புதுப்புளி வரும், இராமநாதபுரம் முண்டு மிளகாயும் அப்போதுதான். குழம்புக்கு நாளைக்கு 35 கிராம் புளி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 13 கிலோ. ஒரே தவணையில் பணம் புரளாவிட்டால் பாதியையாவது வாங்குங்கள். கொட்டையோடு வாங்கி, வீட்டில் தட்டிக் கொட்டையும் நாரும் எடுப்பது மலிவு; ஆனால் கொட்டையின் எடை போக எவ்வளவு நிற்கும் என்று ஒரு கிலோவில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கைப்பிடி கல் உப்பைத் தூவித் தூவிப் பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வையுங்கள். எவர்சில்வர், அலுமினியத்தில் புளியை நாட்கணக்கில் வைக்கக் கூடாது.

குழம்புத்தூளுக்கு மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம் பருப்பு 200 கிராம், கடலைப் பருப்பு 100, மிளகு 100, சீரகம் 100, விரலி மஞ்சள் 100, வெந்தயம் 40. மஞ்சளை முதல் நாளே தட்டிக் காயவைத்தால்தான் மில்லில் அரைபடும். எல்லாம் வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும். வெந்தயத்தையும் பருப்புகளையும் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். மில்லிலிருந்து வந்த தூள் சூடாக இருக்கும். உடனே டப்பாவில் போட்டால் கட்டிபிடித்து வாசனை கெடும். தாளில் பரப்பி ஆறவிட்டு அடைக்கவும். இந்த அளவு இரண்டு கிலோவுக்கு மேல் வரும், இரண்டு மாதம் ஓடும்.

காய், முட்டை, மீன்

நாளைக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ காய் வேண்டும். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கேயே வாங்குங்கள். 1999இல் மதுரையில் முதலாவது தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவருக்கு அதுவே பெரிய உதவி. என்ன காய் என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். ஒரு நாட்டுக் காய், ஒரு கீரை, ஒரு நீர்க்காய் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அன்றைக்கு எது மலிவோ அதை எடுங்கள். வாரம் மூன்று நாள் கீரை, அதில் ஒரு நாள் முருங்கைக்கீரை. வாசலில் மரம் வைக்க இடமிருந்தால் ஒரு போத்து ஊன்றிவிடுங்கள், காசே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் விலை ஏறும். அதற்கான வேலை பங்குனி, சித்திரை வெயிலில். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, மாங்காய் வற்றல் போட்டு வைத்தால் மழைக் காலத்தில் வாரம் இரண்டு நாள் காய்க்கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. தக்காளி கொட்டிக் கிடக்கும்போது நாலு கிலோ வாங்கி, அரை லிட்டர் நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்குங்கள். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை வதக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். ஏறிய மாதத்தில் தக்காளியைத் தேடாதீர்கள், புளியிருக்கிறது.

முட்டையைத் தட்டாக, முப்பதாக வாங்குங்கள். எட்டுப் பேருக்கு வாரம் மூன்று தடவை வரும், ஆறு மிஞ்சும். அந்த ஆறு முட்டை பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும். மீனில் மத்தியும் நெத்திலியும் மலிவு, சத்தும் குறைவில்லை. ஒன்றரைக் கிலோ மத்தி வாங்கினால் தலை, குடல் போகக் கால்வாசிக்கு மேல் கழியும் என்பதை நினைவில் வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் கடல்மீன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாது. அதற்கு முன்பே நல்ல கருவாடு வாங்கிக் காயவைத்துக்கொள்ளலாம். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு முறை அலசிவிட்டு, குழம்பில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். புரட்டாசியில் கறிக்கோழியும் முட்டையும் பெரும்பாலும் விலை இறங்கும். விரதம் இல்லாத வீடுகளுக்கு அது நல்ல மாதம். சைவ வீடுகளில் மீல்மேக்கர் 100 கிராமை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, உருளைக்கிழங்கோடு குருமா வைத்தால் எட்டுப் பேருக்குக் காணும்.

பாலை நாளைக்கு இரண்டு லிட்டரோடு நிறுத்துங்கள். ஆவின் மாத அட்டை வாங்கினால் கடை விலையை விடக் குறையும். அதில் அரை லிட்டரை உறைகுத்தித் தயிராக்கி, மதியம் தயிராக ஊற்றாமல் மோராகப் பெருக்கினால் எல்லோருக்கும் வரும்.

கேஸ்

சிலிண்டர் வந்ததும் நிறுக்கச் சொல்லுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை. மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். பிறகு செய்ய வேண்டியது மூன்றுதான்: எதையும் ஊறவைத்து வேகவைப்பது, கொதிக்கும் வரை மூடிவைப்பது, கொதித்ததும் சிம்முக்கு மாற்றுவது. கொதிக்கும் தண்ணீரை இன்னும் வேகமாகக் கொதிக்கவைத்தால் கேஸ்தான் கரையும், அரிசி சீக்கிரம் வேகாது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் எதையும் அடைக்காதீர்கள். பருப்பு, கடலை என்றால் பாதிதான். நுரை பொங்கி வெயிட் ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

மிஞ்சினால்

அளந்து போட்டாலும் சில நாள் மிஞ்சும். சோறு வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். மதியச் சோற்றை இரவுக்கு வைப்பதானால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அடுப்படி மேடையில் மாலைவரை கிடக்கக் கூடாது. ஆறிய சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவுச் சோறு மிஞ்சினால் ஆறியவுடனே நல்ல தண்ணீர் ஊற்றி மூடி, காலை எட்டு மணிக்குள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டுவிட வேண்டும். கொழகொழப்போ கெட்ட வாடையோ தெரிந்தால் தயங்காமல் கொட்டுங்கள்.

சாம்பாரை இரவுக்கு வைக்கும்போது, பரிமாறிய கரண்டி படாமல் காலையிலேயே பாதியைத் தனியாக எடுத்து வைத்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. இரவில் அதை ஒருமுறை தளதளவென்று கொதிக்கவிடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பும், தேங்காய்ச் சட்னியும் அந்தந்த வேளைக்கு மட்டும். அவற்றைக் குறைவாகவே அரைக்க வேண்டும், தலைக்கு ஒரு கரண்டி. அரை மூடித் தேங்காயோடு கைப்பிடிப் பொட்டுக்கடலை சேர்த்தால் எட்டுப் பேருக்கும் போதும். மிச்சச் சட்னியை மறுவேளைக்கு வைத்து யாருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, கொடுக்க வேண்டாம்.